ஈர மணலில் வைத்த தயிர்ச்சோறு

ஈர மணலின் வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பசிக்கும். விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் முழுக்கக் கரிசல். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மணல் என்பது மட்டும் பேருக்குக்கூடக் கிடையாது. அப்பா வைப்பாற்றிலிருந்து சாக்கில் மணல் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து அடுப்படி மூலையில் கொட்டுவார். அம்மா அதை நனைத்து, குடிதண்ணீர்ப் பானையை அதில் பதித்து வைப்பாள். தயிரும் மோரும் மிச்சச் சோறும் அதன் ஓரத்தில்தான். எங்கள் வீட்டு "ஐஸ்பெட்டி" அதுதான். கோடையில் அதன் மேல் போய்ப் படுத்தால், "ஏட்டி, மணல் காஞ்சிரும், எந்திரி" என்று விரட்டுவாள்.

அந்த மூலைக்கு மேலே மிளகாய் மண்டியில் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. கன்னியாகுமரிப் படம்: கடல் நடுவே பாறை, பாறையை நோக்கிப் போகும் படகு. வருஷம் முடிந்த பிறகும் அம்மா அதைக் கழற்றவில்லை. இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற வழக்கமே இல்லாதவள் அவள். சேலைகூட அப்பா எடுத்து வருவதுதான். அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். "ஒரு தடவ அந்தப் போட்டுல போயிட்டு வரணும்." அப்பா, "மிளகாய்க்கு வெல கூடட்டும், போவோம்" என்பார். மழையும் விலையும் சேர்ந்து வாய்க்கிற வருஷம் எங்கள் பக்கம் அத்தி பூத்த மாதிரி. எனக்குப் பத்து வயதானபோது அப்படி ஒரு வருஷம் வந்தது.

விடிவதற்கு முன்பே முதல் பஸ் ஏறி, கோவில்பட்டியில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என்று மாறி மாறி, அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் கன்னியாகுமரிக்குப் போனோம். லாட்ஜில் தங்குவது, ஓட்டலில் சாப்பிடுவது எல்லாம் எங்கள் யோசனையிலேயே இல்லை. அப்பாவின் திட்டம் சுருக்கமானது: "வேட்டி மடியில இருக்கது திரும்பி வாற பஸ்ஸுக்கு. சட்டைப்பையில இருக்கது போட்டுக்கு. வயித்துக்குத் தூக்குச்சட்டி." புளிச்சோறு காலையில் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது, மதியத்துக்குத் தூக்குச்சட்டி நிறையத் தயிர்ச்சோறு இருந்தது, அடியில் இரண்டு நார்த்தங்காய்த் துண்டுகளோடு.

படகுக்கு நீண்ட வரிசை நின்றது. கூட்டம் குறையட்டும் என்று கடலில் கால் நனைக்க இறங்கினோம். வெயில் சுள்ளென்று அடிக்க, அம்மாவுக்குத் தயிர்ச்சோறு புளித்துவிடுமே என்ற கவலை. குனிந்து பார்த்தவள் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தாள். "யம்மாடி, இம்புட்டு ஈர மணலா! கேக்க நாதியில்லாமல்லா கெடக்கு!" உள்ளதிலேயே நல்ல ஈரமான இடமாகப் பார்த்துக் குழி பறித்து, தூக்குச்சட்டியைக் கழுத்து வரை புதைத்தாள். அந்த இடம் ஏன் அவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் இருந்தால் இருந்த இடத்தில் இருக்கும்; பெரும்பாலும் இருக்காது.

பெரிய அலை ஒன்று வந்து எங்களையே தள்ளிவிட்டுப் போனது. எழுந்து ஓடிப் பார்த்தால் மூடியைக் காணோம், சட்டி கவிழ்ந்து கிடந்தது, உள்ளே மணலும் நுரையும்தான். தம்பி சிரித்தான். நான் அழுதேன். "பசிக்குது, பசிக்குது" என்று கரையே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

அப்பா ஓட்டல் ஓட்டலாகப் போய் விலை கேட்டு வந்தார். கோவில்பட்டியில் இரண்டு பேர் சாப்பிடுகிற காசு இங்கே ஒருவருக்கு ஆகிறது. சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "போட்டுக்குப் போனா சாப்பாடு இல்ல. ரெண்டுக்கும் காணாது."

அம்மா சட்டென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "போட்டு கெடக்கட்டும். எனக்கு இந்தத் தண்ணியப் பாத்ததுல இருந்தே கிறுகிறுன்னு வருது. மொதல்ல சாப்பிடுவோம், வாங்க."

நாலு இலை போட்டார்கள். அப்பா மனம் லேசாகி, சாம்பார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானோ அம்மாவின் அப்பளத்தையும் சேர்த்துத் தின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வேதவாக்காகிவிட்டது: அம்மாவுக்குக் கடல் ஆகாது. யார் கடற்கரைக்குப் புறப்பட்டாலும், "மதினிக்குக் கிறுகிறுப்பு வரும்லா" என்று அவளை விட்டுவிட்டுப் போனார்கள். கூட்டிப் போனாலும் கரையில் செருப்புக்கும் பைக்கும் காவல் வைத்தார்கள். நானும்தான் வைத்தேன். அப்பா சாகும்வரை அதைச் சொல்லி அவளைக் கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போன மாதம் கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். வழக்கம்போல, "நீ இங்கன இரும்மா" என்று பையை நீட்டினேன். அதற்குள் என் மகள் ஆச்சிக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டாள். இந்தக் கதையெல்லாம் அவளுக்குத் தெரியாது. அம்மா பையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

படகு ஆடிய ஆட்டத்தில் நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறுகிறுப்பு வரலையாம்மா?"

"எனக்கு எப்பட்டி கிறுகிறுப்பு வந்துச்சு?"

கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அவியளுக்குச் சோறு எறங்கியிருக்குமாக்கும்?"

பாறையில் ஏறினோம், பார்த்தோம், திரும்பினோம். நாங்கள் சாப்பிட்ட ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி லாட்ஜ் நிற்கிறது. ஊர் வீட்டில் மணல் மேடு இருந்த மூலையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஒரு டிக்கெட் கூடுதலாக எடுக்க இன்றைக்கு யாரும் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை; ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாறையைப் பார்க்க வேண்டியவர் இல்லை.

கரையில் இறங்கியதும் ஈர மணலின் வாசனை வந்தது. எனக்குப் பசிக்கவில்லை.