வலது கைப் பட்டை

சண்டை நடக்கிற பக்கம் போய்விட்டுத் திரும்பியதிலிருந்து டிங்கருடைய வலது கை தனி ஆளாகிவிட்டது. எந்த வாசலானாலும் முதலில் கை நுழையும். ஆள் அதற்குப் பின்னால்தான் வருவார்.

ராணுவ வாகனப் பட்டறையில் நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதும், இறுகிப்போன வண்டிக் கதவுகளைத் திறக்க வைப்பதும் அவர் வேலை. அதனால் டிங்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். அன்றைக்கும் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் அவருக்கு அது தன் பெயர் என்று உறைக்கும்.

கை விஷயம் இதுதான். சீருடையின் இடது கையில் எல்லாருக்கும் படைப்பிரிவின் சின்னம் இருக்கும். வலது கையில் உள்ளங்கை அகலத்துக்கு, ஒட்டிப் பிய்க்கிற வெல்க்ரோவை மட்டும் தைத்திருப்பார்கள். சண்டைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டை கிடைக்கும். போகாதவர்களுக்கு அந்த இடம் மொட்டையாகவே கிடந்து நூலும் தூசியும் சேர்க்கும்.

டிங்கருக்குப் பட்டை கிடைத்தது. அதோடு அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச அடக்கமும் போனது. தேநீர் வரிசையில் வலது தோளைக் கொடுத்து முன்னால் நுழைந்தார். உறவுக்காரர் வீட்டுப் புகைப்படத்தில் எல்லாரும் நேராக நிற்க, இவர் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி பக்கவாட்டில் நின்றார். பல் பிடுங்கப் போனபோதுகூடச் சீருடையில்தான் போனார். துவைத்த சட்டையை வலது கை தெருவைப் பார்க்கிற மாதிரிதான் கொடியில் போட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "சட்டைய மட்டும் காயப் போட்டா போதுமா, உங்களையும் சேத்துத் தொங்க விடட்டா?" என்று கேட்டாள்.

பட்டறையில் பட்டை உள்ளவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். நிழலில் கிடந்த ஒரே பெஞ்சு தானாகவே அவர்களுடையதாகிவிட்டது. மற்றவர்கள் வெயிலில் நின்று தேநீர் குடித்தார்கள். உதிரி பாகங்களை எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரருக்கு இது பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா டிங்கர், இங்க நாம கழட்டறது நட்டு, மாட்டறது போல்ட்டு. இதுக்கு எதுக்குப் பட்டை? போகாதவன் முன்னால போட்டுக்கிட்டு நிக்கறது, பசிச்சவன் முன்னால ஏப்பம் விடற மாதிரி இருக்குய்யா."

"உயிரைக் குடுத்து வாங்கினது."

"உயிரைக் குடுத்தவன் எப்படிய்யா டீ குடிக்கிறான்?"

சிரிப்பு எழுந்தது. டிங்கருக்குச் சுருக்கென்றது. ஸ்டோர்காரரிடம் பேச்சில் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கைக்கு வாட்டமான ஆளைப் பிடித்தார். அந்த ஆள் அவருடைய தங்கை புருஷன்.

அவனும் அதே பட்டறையில் இன்ஜின் பார்க்கிறவன். பட்டறையில் அவனுக்குப் பெயர் சாவகாசம். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பான். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னான். ஆனால் அவன் மூடிய இன்ஜின் மறுபடி பட்டறைக்கு வராது. அதனாலேயே பட்டறைப் பொறுப்பில் இருந்த மேஜர் அவனை எங்கேயும் அனுப்பாமல் வைத்திருந்தார்.

"எங்க மாப்ள கையப் பாருங்க," என்றார் டிங்கர். "எவ்வளவு பெரிய மைதானம்! புல்லு முளைக்கற வரைக்கும் அப்படியே வச்சிருப்பான் போல. டேய் மாப்ள, அதுல ஏதாவது ஒட்டுடா. பிள்ளைங்க ஸ்டிக்கராவது ஒட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டோர்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாவகாசம் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வெல்க்ரோவில் சிக்கியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிறகு மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு இன்ஜினுக்குப் போனான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் டிங்கர் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது தங்கை வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, அவரு நானா போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறியே, நீ போன இடத்துக்குத்தான். மேஜரே வேணாம்னு சொல்லிப் பாத்தாராம். கேக்கலையாம்."

சவரக் கத்தி கன்னத்திலேயே நின்றது.

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்ற ஆளும்மா அவன். இதை மட்டும் எப்படி இன்னைக்கே..."

"அதைத்தான் உங்கிட்ட கேக்க வந்தேன். பட்டறையில அந்த மனுஷனை ஒரு நாளாவது நிம்மதியா டீ குடிக்க விட்டியா நீ?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்மா."

"விளையாட்டு அவருக்கு மெதுவாத்தான் புரியும். இருபது வருஷமா கூட வேலை பாக்கறே, தெரியாதா? தெனம் பிள்ளைங்களுக்கு உன் கதைதான். 'உங்க மாமா நெருப்புக்குள்ள ஓடிக் கதவை நெம்பி ஆளை இழுத்துப் போட்டாரு. நானும் அப்படித்தான் ஓடுவேன்'ங்கறாரு. ஓடுவாருண்ணே. மத்ததுக்கெல்லாம் மெதுவு. ஓடணும்னு முடிவு பண்ணிட்டா நிக்கவே மாட்டாரு."

அவள் போன பிறகு டிங்கர் பாதி மழித்த முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்தார். நுரை காய்ந்து தோலை இழுத்தது. மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நெருப்பும் கதவும் நிஜம்தான். ஓடியதுதான் பொய்.

அங்கே அவர் வேலை செய்த வண்டி நிறுத்தத்தில் ஒரு மத்தியானம் ராக்கெட் விழுந்தது. டிங்கர் தண்ணீர் லாரிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். நாலு வண்டி தள்ளி ஒரு லாரி பற்றி எரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஓட்டுநர், "கதவு தொறக்க மாட்டேங்குது! கதவு!" என்று கத்தினார். டிங்கர் கையில் கடப்பாரை இருந்தது. உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அன்று காலையில்தான் அந்த ஓட்டுநர், "கதவு இறுகுது, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று சொல்லியிருந்தார். டீ குடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்று இவர் தள்ளிப்போட்டிருந்தார். கத்தியது கேட்டது. உடம்பு நகரவில்லை. கடைசியில் சமையல்காரர் ஒருவரும் இன்னொருவரும் கண்ணாடியை உடைத்து இழுத்தார்கள். ஓட்டுநர் பிழைத்தார். இரண்டு கைகளும் வெந்துபோயின.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் வேறு பிரிவுக்காரர்கள். நடந்ததைப் பார்த்தவர் என்று இங்கே யாரும் இல்லை. ஊருக்கு வந்த முதல் நாள் யாரோ, "அங்க என்ன பண்ணே?" என்று கேட்டார்கள். அவர் வாய் ஒரு கதையைச் சொன்னது. சமையல்காரர் இருந்த இடத்தில் டிங்கர் வந்து நின்றுகொண்டார். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை போட்டது. எரிந்த முடியின் வாசனைகூடச் சேர்ந்தது. பட்டை கையில் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அப்போதிலிருந்து, ராத்திரியிலும் பட்டை உறுத்துகிற மாதிரி இருந்ததால், அவர் வலது பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. கை வலி என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

தங்கை வந்துபோன அன்றைக்கே மேஜர் அறைக்குப் போய் விறைப்பாக நின்றார்.

"சார், எங்க மாப்ளைக்குப் பதிலா நான் போறேன்."

மேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாதுய்யா. பட்டை இல்லாதவன் எல்லாரும் ஒரு தடவை போற வரைக்கும், வாங்கினவனை மறுபடி அனுப்பக் கூடாதுன்னு விதி."

"கழட்டிடறேன் சார்." சொல்லும்போதே பர்ர்ரென்று பிய்த்து மேஜை மேல் வைத்தார்.

மேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துணியை எடுத்துட்டா போனது போகாததா ஆயிடுமா? எடுத்து ஒட்டு. நல்ல மனசுய்யா உனக்கு."

நல்ல மனசு! டிங்கருக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. தன்னைப் போகவிடாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதும், மாப்பிள்ளையைப் பிடித்துத் தள்ளியதும் அந்தத் துணிதான் என்று அவருக்குப் புரிந்தது. வெளியே வந்து பட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டார். அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. பட்டறையில் வண்டிக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன டிங்கர், தோலை உரிச்சிட்டீங்க?" என்றான். மத்தியானத்துக்குள் மறுபடி ஒட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் சொல்லிவிட நினைத்தார். ஒரு நாள் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்று, "டேய்..." என்று ஆரம்பித்தார். சாவகாசம் நிமிர்ந்து, "அந்தக் கதவை எந்தப் பக்கம் நெம்புனீங்க மச்சான்? கீல் பக்கமா, பூட்டுப் பக்கமா?" என்று ஆசையாகக் கேட்டான். டிங்கர், "பூட்டுப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டார்.

கிளம்புகிற நாள் வந்தது. பட்டறை முற்றத்தில் லாரி நின்றது. தங்கை பிள்ளைகளோடு வந்து ஓரமாக நின்றாள். அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சாவகாசம் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு கடைசியாக இவரிடம் வந்தான்.

"வரட்டுமா மச்சான்? பேரைக் கெடுக்க மாட்டேன். யாராவது கூப்பிட்டா உங்கள மாதிரி ஓடிடுவேன்."

டிங்கர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இங்க வா." லாரி பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சடாரென்று தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். "நீயும் வா."

"இப்பவா மச்சான்? புதுச் சட்டை..."

"வாடா!"

இரண்டு பேருடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. என்ன பழுது என்று பார்க்க மொத்தப் பட்டறையும் குனிந்தது.

"நல்லாப் பாத்துக்க," என்றார் டிங்கர். "பின் சக்கரத்துக்கு உள் பக்கம். முகத்தைத் தரையோட வை. வாயைக் கொஞ்சம் தொறந்து வை, சத்தம் காதை அடைக்கும். எண்ணெய் டேங்க் பக்கம் போகாதே. தண்ணி லாரி இருந்தா அதுக்கு அடியில போ. நான் அங்கதான் இருந்தேன்."

"எப்போ?"

"அவன் கதவு கதவுன்னு கத்தினப்போ. பூராவும் கேட்டுச்சு. கடப்பாரையை வச்சுக்கிட்டு இப்படியே கெடந்தேன். ஓடினது சமையல்காரர். நான் இல்ல."

மேலே யாரோ இருமினார்கள். ஸ்டோர்காரராக இருக்கலாம். அவர்கூடக் கிண்டல் பண்ணவில்லை.

சாவகாசம் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "அந்தச் சமையல்காரருக்கும் இதே பட்டைதானா?" என்றான்.

"இதேதான்."

"ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு. ஒரே நூலு."

"அப்ப பாத்தா தெரியாதா மச்சான்?"

"தெரியாது. போட்டிருக்கறவனுக்கு மட்டும் தெரியும். ஓடாதடா. உன் கால்ல விழுந்து கேட்டுக்கறேன். இங்க எப்படி விழறது, படுத்துல்ல கெடக்கேன்."

சாவகாசம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஊர்ந்து வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். பிள்ளைகளைத் தூக்கி இறக்கினான். லாரியில் ஏறினான். வண்டி வாசலைத் தாண்டியது.

டிங்கர் எழுந்தபோது முற்றத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. அவர் பட்டையைப் பிய்த்துக் கீழே போட்டார். தங்கை வந்து அதை எடுத்தாள். புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள். அவர் கையைப் பிடித்துப் பழைய இடத்திலேயே வைத்து, கட்டை விரலால் நாலு மூலையிலும் அழுத்தினாள்.

"அவரு வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். மானம் கெட்டுப்போச்சுன்னு நீ கழட்டி எறிஞ்சா ஒரு நாள்ல மறந்துடுவே. யாராவது கேட்டா, லாரிக்கு அடியில சொன்னியே, அதைச் சொல்லு."

கேட்டவர்களுக்கு அவர் அதைத்தான் சொன்னார். சிலர் முதுகில் தட்டினார்கள். சிலர் அடுத்த நாளிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நிழல் பெஞ்சில் உட்காராமல் வெயிலில் நின்று குடித்தார். ஸ்டோர்காரர், "உக்காருய்யா, காலு வலிக்கும்" என்று சொன்ன நாளில் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கை முதலில் பேசினாள், சிரித்தாள், அழுதாள், போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"மச்சான், இங்கயும் விழுந்துச்சு. முந்தாநாள். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன மாதிரியே படுத்துட்டேன். பின் சக்கரத்துக்கு உள் பக்கம்."

டிங்கருக்கு மூச்சு வந்தது. "நல்ல வேலை பண்ணே மாப்ள. நல்ல வேலை."

"வாயையும் தொறந்து வச்சுக்கிட்டேன்."

"சரி, சரி."



"பக்கத்துல ஒருத்தன் கத்தினான் மச்சான்."

டிங்கர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "போனியா?"

பதில் வரவில்லை. அவன் எப்போதும் மெதுவாகத்தான் பதில் சொல்வான். அவர் காத்திருந்தார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றான் சாவகாசம். போன் வைக்கப்பட்டது.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னண்ணே சொன்னாரு?"

"நல்லா இருக்கானாம். மிச்சத்தை நாளைக்குச் சொல்றானாம்."

"அந்த ஆளு மாறவே மாட்டாரு," என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டிங்கர் கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார். அது சத்தமே இல்லாமல் திறந்தது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார்.