விஜயதசமியன்று நான் வாசித்த காகிதம்

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். பௌதி என்று கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம். எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு மழைக்காலம், அவள் புருஷன் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தார். பணம் யாருக்கு என்கிற இடத்தில் தம்பி பெயர். மூன்று பிள்ளை பிறந்தும் அதை மாற்றத் தோன்றவில்லை. தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு போனார். பௌதி ஒரு டிரங்குப் பெட்டியோடும் பிள்ளைகளோடும் பிறந்த வீட்டுக்கு ரிக்‌ஷா ஏறினாள். ஏறும்போது என் கையைப் பிடித்து, "உன் வீட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கோ" என்று அவள் பாஷையில் சொன்னாள்.

என் வீட்டுக்காரருக்கும் அவரைப் போல ரயில்வே யார்டில்தான் வேலை. ஓடுகிற வண்டிக்கும் நிற்கிற வண்டிக்கும் நடுவே கொடி காட்ட வேண்டும். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவள் இடுப்பில். அவர் டூட்டிக்குப் போனதும் பீரோவைத் திறந்து அவருடைய இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத்தான் நேரமாகும். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அவர் பெயருக்குக் கீழே, பணம் யாருக்கு என்கிற இடத்தில், என் நாத்தனார் பெயர் இருந்தது. தாயில்லாத தம்பியை வளர்த்தவர், புருஷனை இழந்தவர், மாயவரத்தில் இவர் அனுப்பும் மணியார்டரில் காலம் தள்ளுகிறவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் இரண்டு பெண்கள்?

எப்படிக் கேட்பது? "உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்" என்று தாலி கட்டியவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் பௌதியின் ரிக்‌ஷா கண்ணிலேயே நின்றது. யார்டில் பெட்டி கோக்க வண்டி முட்டுகிற சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவேன். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் மறுபடி எடுப்பேன்.

துர்க்கா பூஜை வந்தது. ஊரெல்லாம் பந்தல், மேளம். நம் வழக்கப்படி சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கினேன். மகளின் பாடப் புத்தகம், பஞ்சாங்கம், அவருடைய சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. அடியில் அந்தப் பாலிசிக் காகிதத்தையும் செருகினேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததில் ஒன்றை எடுத்து எல்லோரும் ஒரு வரியாவது வாசிக்க வேண்டும். மகள் பாடம் வாசித்தாள். அவர் பஞ்சாங்கம் வாசித்தார்.

"அம்மா, இப்ப நீ!"

"உங்கம்மா எங்க படிக்கப் போறா? புத்தகத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடிடுவா," என்று அவர் சிரித்தார்.

நான் காகிதத்தை உருவினேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அந்த இடத்தைத் தாண்டினேன். நாத்தனார் பெயரை வாசித்து நிறுத்தினேன்.

"அப்பா, அத்தை பேரு எதுக்கு இதுல இருக்கு?" என்றாள் மகள்.

அவர் முகம் கறுத்தது. "நல்ல நாளும் அதுவுமா எதைக் கொண்டாந்து வச்சிருக்க?"

"பௌதி போனத நீங்களும் பாத்தீங்கல்ல."

"எங்கக்கா அப்படிப்பட்டவளா?"

"இல்லைங்க. அவங்களுக்கும் உங்கள விட்டா யாரு? ரெண்டு பக்கமும் பயமா இருக்கு."

சாப்பிடாமல் டூட்டிக்குப் போய்விட்டார். அப்புறம்தான் பார்த்தேன், கொடிகள் பூஜையிலேயே கிடந்தன. யார்டில் வேறு கொடி இருக்கும், தெரியும். இருந்தாலும் கோபத்தில் போனவர் கவனம் தப்பினால், வாசித்த என் வாய்தானே காரணம்? அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. தெருவில் துர்க்கையைக் கரைக்கக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் தலையைத் தேடினேன்.

விளக்கு வைத்த பிறகு வந்தார். கால் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "லீவு முடிஞ்சு ஆபீஸ் திறக்கட்டும். உன் பேருக்கு மாத்திடறேன். அக்கா பேர்ல தபாலாபீஸ்ல மாசாமாசம் கொஞ்சம் போட்டுடலாம். கேன்டீன் டீயை விட்டுடறேன். சோத்தைப் போடு."

பத்து நாளில் காகிதம் பின்பக்கம் முத்திரையோடு திரும்பி வந்தது. என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தப் பணம் என் கைக்கு வரவே கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டு, புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அடுப்படிக்கு வந்து பாத்திரத்தை எடுத்தேன். யார்டில் வண்டி முட்டியது. கீழே வைத்தேன்.