எதிரி திருத்திய பட்டியல்

எட்டாம் வகுப்பில் நான் படித்த ஆங்கில நாவல்களுக்கெல்லாம் மூன்று பொது அம்சங்கள் இருந்தன. ஒன்று, ஊரைச் சுற்றி உயரமான சுவர். இரண்டு, நேரம் தவறாமல் ஒலிக்கும் சைரன். மூன்று, காரணம் சொல்லாமல் உத்தரவு மட்டும் போடும் ஒரு தலைவர். கதாநாயகிக்குப் பதினாறு வயதிருக்கும். பசியையும் பயத்தையும் தாங்கிக்கொண்டு அவள் சுவரைத் தாண்டுவாள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. மில் சங்கு தினமும் மூன்று முறை ஊதியது. தலைவராக அப்பா இருந்தார்.

அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, பெரியப்பாவின் பேண்டேஜ் துணி குடோனைப் பார்த்துக்கொண்டார். பெரியப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரும்போதெல்லாம் எனக்குக் கடலைமிட்டாய் கொண்டுவருவார். அப்பாவோ காலை ஐந்தரைக்குப் போர்வையை உருவுவார். செருப்புகள் வரிசையில் இல்லாவிட்டால் வீட்டையே கூப்பிட்டு நிற்க வைப்பார். யார் சர்வாதிகாரி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

நாவல்களைக் கொண்டுவந்தது அக்கா. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு படித்தாள். கல்லூரி பஸ்ஸில் கைமாறிக் கைமாறி வந்த புத்தகங்கள் அவை. அந்த ஆண்டு படிப்பு முடிந்ததும் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் யாரும் வெளியூரில் தங்கி வேலை பார்த்ததில்லையே என்று பெரியப்பா சிரித்தபடி சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார். அவர் போனபின் அப்பா, இனி அந்த வேலைப் பேச்சு வேண்டாம் என்றார். அப்பா சொன்னதை மட்டும்தான் நான் மனதில் குறித்துக்கொண்டேன். வேலையில் சேரப் பத்து நாள் இருந்தது. அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகத் தொடங்கினாள்.

அவள் தப்பிப்பதற்காக நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். டார்ச், இருபது அடிக் கயிறு, பிஸ்கட் நான்கு பாக்கெட், பழம் நறுக்கும் கத்தி, தீப்பெட்டி, வேண்டிய அளவு பேண்டேஜ் துணி. கடைசிப் பொருளுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. நாவலுக்குப் பழுப்பு அட்டை போட்டு, அறிவியல் என்று லேபிள் ஒட்டி, பட்டியலை உள்ளே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என் புத்தக அட்டைகளைச் சோதிப்பார் என்பதை எப்படியோ மறந்துபோனேன்.

புத்தகம் திரும்பி வரவில்லை. அதைக் குடோனுக்கு எடுத்துப்போய், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, வரிக்கு அடியில் விரல் ஓட்டி நாலு நாள் அப்பா படித்தார். திட்டம் எதிரியிடம் சிக்கிவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என்னிடமிருந்த பட்டியலின் நகலை மென்று விழுங்க முயன்றேன். பாதிக்குமேல் முடியவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா கூப்பிட்டார்.

"ஏட்டி, இந்தக் கதையில அந்தப் பிள்ளையோட அப்பன் எங்க?"

முதல் அத்தியாயத்திலேயே செத்துவிடுவார் என்றேன்.

"மத்த புஸ்தகத்துல?"

"அதுலயும் செத்துருவாங்க. இல்லன்னா தலைவர் பக்கம் சேந்துக்கிடுவாங்க."

அப்பா அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்புட்டு பேர்ல ஒருத்தன்கூடவா தேறல?" என்றார். நான் தண்டனைக்குக் காத்து நின்றேன். அவர் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உள்ளே பட்டியல் அப்படியே இருந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு. கயிறும் கத்தியும் அடிக்கப்பட்டிருந்தன. தீப்பெட்டிக்கு எதிரே, ஹாஸ்டலில் அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. கீழே புதிதாகச் சில: சான்றிதழ் ஜெராக்ஸ் மூன்று செட், போட்டோ பன்னிரண்டு, சேஃப்டி பின், பூட்டு ஒன்று சாவி இரண்டு, காய்ச்சல் மாத்திரை. எதிரி தன்னையறியாமல் நமக்கு உதவிவிட்டார் என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன். அக்கா அழுதாள். கதாநாயகிகள் அழுவதில்லை என்பதால் எனக்குச் சற்று ஏமாற்றம்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மதியம், ஆண்டாள் கோவிலுக்கு என்று சொல்லி, அப்பா எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றினார். முன்னால் ஒரு துணி மூட்டை. ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைகளுக்கு வாரந்தோறும் அவர் கொண்டுபோவதுதான். குடோன் வாசலில் நின்ற பெரியப்பா, "சாமிக்கும் யாவாரத்துக்கும் ஒரே வண்டியாக்கும்" என்று சிரித்தார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் மூட்டை அவிழ்ந்தது. உள்ளே அக்காவின் பை. மதுரை பஸ்ஸை நம் ஊரிலேயே பிடித்திருக்கலாமே என்றேன். அங்கே நாலு கடைக்கு ஒரு கடையில் நம் உறவுக்காரர் இருக்கிறார், பார்த்துவிடுவார்கள் என்றாள் அக்கா. மதுரையிலிருந்து தோழியின் குடும்பத்தோடு அவளுக்கு ரயில். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்ததும் அப்பா கீழே நின்றபடி சொன்னார்: "பயமா இருந்தா போன் பண்ணு. பயமில்லன்னாலும் பண்ணு."

பஸ் போனபின் நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆண்டாள் கோவிலுக்கும் போகவில்லை. கூட்டமில்லாத மடவார் வளாகம் கோவிலில், சன்னதிப் பக்கம்கூடத் திரும்பாமல், அப்பா ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார். பசிக்கிறது, போகலாம் என்றேன். "செத்த நேரம் இரு" என்றார். எல்லையில் பனியில் நின்ற மனிதர், உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். உதடுகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தன. அதில் 'அண்ணே' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அப்படித் தொடங்கும் ஒரு மந்திரம் இருக்கும்போல என்று எண்ணி, நானும் அவர் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்துகொண்டேன்.