வியாழக்கிழமைகளில் என் மகள் பேசினாள்

மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில், பிள்ளைகளோடு பேசி மனசைத் தேற்றும் கவுன்சிலர் பெண்ணின் அறை இருந்தது. வியாழக்கிழமைதோறும் ஜாசினிலிருந்து மகளை மோட்டாரில் ஏற்றிப் போவேன். அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும். எனக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பு வீட்டில் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு வயது பதினான்கு. திடீரென்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். காரணம் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். திட்டினேன், கெஞ்சினேன், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி ஆசிரியை ஒருவர்தான் இந்த இடத்தைக் காட்டினார்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். மனைவி இறந்ததும் மகளை ஜாசினில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வேலை இருந்த பக்கமெல்லாம் போனேன். பகாங் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினேன், ஜொகூரில் லாரிக்குச் சாமான் ஏற்றினேன், கிளேபாங் கடையொன்றில் இளநீர் வெட்டினேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் கால் அரிக்கும். இடையில் தங்கை வீட்டுக்குத் திரும்பி வந்து சில மாதம் மகளோடு இருப்பேன்; இந்த முறை அப்படி வந்திருந்தபோதுதான் அவள் பள்ளியை நிறுத்தினாள். அலைந்ததெல்லாம் இவளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இவளோ ஐந்து வாரப் பழக்கத்தில் யாரோ ஒரு பெண்ணை வாய் நிறைய அக்கா என்கிறாள்.

ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எதுவுமே கேட்கவில்லை. என் மகள் சீட்டைப் பார்த்தபடி அவளாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுதானா என்று நினைத்து, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சீட்டுக்கட்டு வாங்கினேன். வீட்டில் பாய் விரித்தேன். மூன்று ஆட்டம் நன்றாகத்தான் போனது. நான்காவதில் வாய் சும்மா இருக்கவில்லை. அக்காவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டுவிட்டேன். அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வியாழன், கவுன்சிலரை வாசலிலேயே மடக்கினேன். பெற்றவனுக்குத் தெரியாமல் அப்படி என்ன பேச்சு என்றேன். அவர் கோபப்படவில்லை.

“அவ சொன்னத அவதான் சொல்லணும் அண்ணே. நான் சொல்லிட்டா, அப்புறம் என்கிட்டயும் பேச மாட்டா.”

மகளிடம் கேட்டுவிட்டு, அவள் சம்மதித்தால் அன்றைய பேச்சு முடியும் நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டார். நான் எதுவும் கேட்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. பாயில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தேன். எனக்கும் சீட்டுப் போட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “நான் ஸ்கூலுக்குப் போனா நீங்க காணாம போயிருவீங்கப்பா.”

கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். எதிரில் நின்றால் அழுவாள் என்று, அவள் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்துப் பையைத் தூக்குவேன். அவள் திரும்பி வரும்போது அத்தைதான் விஷயத்தைச் சொல்லுவாள். பிள்ளையை அழவிடாமல் போகிறேன் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனிமேல் எங்கும் போகமாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. கவுன்சிலரும் அப்படியொரு வாக்கை என்னிடம் எதிர்பார்க்கவில்லை. “போறதா இருந்தா முந்தின நாளே அவகிட்ட சொல்லுங்க. என்னைக்குத் திரும்புவீங்கன்னும் சொல்லுங்க. அது போதும் அண்ணே,” என்றார். அதற்குச் சரி என்றேன். இதைக்கூட என் பிள்ளை முதலில் வேறொருத்தியிடம் சொல்லியிருக்கிறாளே என்பதுதான் வழியெல்லாம் உறுத்தியது.

திங்கட்கிழமை பள்ளி பஸ் ஏறினாள். மத்தியானம் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“இருக்கீங்களா,” என்றாள். பையைக் கழற்றிக்கொண்டே, “இத வியாழக்கிழமை அக்காகிட்ட சொல்லணும்லா,” என்றாள்.

மறுபடியும் அக்காதான். சொல்லு என்றேன். சோறு போடப் போனேன்.