எனக்கென்று கிடைத்த ஒரு மதியம்

என் மகள் செல்விக்கு இருபத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே கைகால் சரியாக இயங்காது, பேச்சும் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். அரசு உதவித்தொகை மாதாமாதம் வரும். ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வராது. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு அறக்கட்டளை முன்வந்தது. நன்கொடையில் சம்பளம் கொடுத்து, மதிய வேளைகளில் மீனா என்ற பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே மீனா என்னைக் கிளப்பிவிட்டாள். "நீ எங்கனா போய்ட்டு வாக்கா. வூட்டை நான் பாத்துக்கிறேன்."

தியாகதுருகத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனேன். கடைவீதியில் சும்மா நடந்தேன். கைகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள், "எந்த ஊருக்கும்மா போவணும்?" என்று கேட்டார். அழுகைதான் வந்தது. ஏனென்று புரியவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வாசலில் நின்று பார்த்தால், செல்வி மீனாவின் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேறு யார் ஊட்டினாலும் அவள் வாய் திறந்ததே கிடையாது.

"இன்னாக்கா, அதுக்குள்ள வந்துட்ட?"

"குடும்மா, நானே ஊட்டுறேன்" என்று கிண்ணத்தை வாங்கினேன்.

செல்வி வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணால் மீனாவைக் காட்டினாள்.

எனக்குப் பிறகு இவளுக்கு யார் ஊட்டுவார் என்று இத்தனை வருஷம் பயந்து கிடந்தவள் நான். அன்று மனசு லேசானதா, வலித்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் மீனா வந்ததும், சோற்றைப் பிசைந்து கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.