ஹோம் என்ற சொல்லுக்கு எதிரே

1. நாலு விரல் கதவு

சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே காலை வேளைகளில் வீட்டு டியூஷன் எடுத்தவன் நான். நாகர்கோவில் பக்கத்துக்காரன், முன்கோபி என்று பெயர் வாங்கியவன். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரங்கூனுக்குக் கப்பல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலம். திருவனந்தபுரம் கோட்டைக்குள் வைத்தியநாதய்யர் வீடு. அவர் மகள் கோமதியின் புருஷனுக்கு ரங்கூனில் வேலை. அவள் வந்து சேருவதற்குள் அன்றாடம் புழங்கும் இங்கிலீஷ் சொற்களையாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அவன் எழுதியிருந்தான்.

"குழந்தை வெளியில வரமாட்டா சார். உள்ளேருந்தே படிப்பா. தொணைக்கு அவம்மா பக்கத்துல இருப்பா" என்றார் அய்யர்.

கூடத்தில் எனக்கு ஒரு மணை. எதிரே உள்கதவு, நாலு விரல் அளவு திறந்திருக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிலேட்டு. அதை நான் தரையோடு தள்ளுவேன். எழுதித் திரும்பி வரும். முதலில் பெயர் கூப்பிடுவேன். "எஸ் சார்" என்று உள்ளிருந்து குரல் வரும். பிறகு ஒரு சொல்லைச் சொல்லி, பொருளையும் அது எங்கே புழங்கும் என்பதையும் விளக்குவேன். அந்தச் சொல்லை வைத்து அவள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். புத்தக வாக்கியம் கூடாது, தன் வீட்டில் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்பது என் கண்டிப்பு. அம்மாவும் கூடவே எழுத்துக் கூட்டிப் படிப்பது காதில் விழும். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

2. லீவுக்குப் பிறகு

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் எங்கள் அப்பாவுக்கு உடம்புக்கு ஆகாமல், ஒரு மாத லீவில் ஊருக்குப் போனேன். திரும்பிய மறுநாள் பழவங்காடியில் சிலேட்டுக் குச்சி வாங்கிக்கொண்டு நேரே அய்யர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு மணையைப் போட்டார்.

"கோமதி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே கிடந்த சிலேட்டில் குச்சியால் இரண்டு தட்டு மட்டும் கேட்டது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை. பாடந்தான் எனக்குப் பெரிது.

அன்று 'கோல்டு' என்ற சொல். 'என் மகளின் கை குளிர்ந்திருக்கிறது' என்று இங்கிலீஷில் எழுதி வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பெண்ணுக்கு மகள் ஏது? தப்பு என்று அடித்துத் தள்ளினேன். மறுநாள் 'எம்ப்டி'. 'கட்டில் காலியாக இருக்கிறது' என்று வந்தது. இலக்கணம் சுத்தமாக இருந்ததால் சரி போட்டேன். கூடம் ஏனோ சில்லென்று இருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தமே இல்லை.

மூன்றாம் நாள் 'ஹவுஸ்', 'ஹோம்' இரண்டையும் எடுத்துக்கொண்டேன். சுவரும் கூரையுமாக நிற்பது ஹவுஸ். நம்மவர்கள் இருக்கும் இடம் ஹோம் என்று விளக்கினேன். சிலேட்டு வர வெகுநேரம் ஆயிற்று. 'இது ஒரு ஹவுஸ்' என்று எழுதியிருந்தது. ஹோமுக்கு எதிரே ஒன்றும் இல்லை. எழுதி எழுதி எச்சில் தொட்டு அழித்த ஈரம் மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்ன பிள்ளே, ஒரு வரி எழுத இவ்வளவு நேரமா? கூப்பிட்டாலும் பதிலக் காணோம். வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

அய்யர் ஓடிவந்து என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

"சத்தம் போடாதேங்கோ சாரே. குழந்தை போயிட்டா. நீங்க ஊருக்குப் போன நாலாம் நாள், விஷஜுரம்."

நான் உள்கதவைத் திரும்பிப் பார்த்தேன். "அப்போ உள்ள எழுதுறது யாரு?"

"அவம்மா. அன்னிலேருந்து படுத்த படுக்கை. ரெண்டு கரண்டி பால் எறங்கினாலே பெரிசு. முந்தாநாள் உங்க குரல் கேட்டுத்தான் எழுந்து உக்காந்தா. நீங்க போனப்புறம் ஒரு வாய் கஞ்சி குடிச்சா. அதான் நான் வாயத் திறக்கல்லை. நிறுத்திடாதேங்கோ சார், அவளும் போயிடுவா."

3. பெயர்

 செத்துப்போன பெண்ணின் பெயரை மூன்று நாள் கூவியிருக்கிறேன். பெற்றவள் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறாள். இனி அந்தப் பெயரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழாது. போகாமல் இருந்தாலோ ஓர் உயிர் போய்விடும்.

மறுநாள் காலையில் போனதும், "வீட்டிலே அம்மாவுக்குப் பேரு என்ன?" என்று அய்யரைக் கேட்டேன். அவர் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. "கோமதியம்மான்னே கூப்பிட்டுப் பழகிடுத்து. தர்மாம்பாள்" என்றார்.

மணையில் உட்கார்ந்து சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.  "தர்மாம்பாள்" என்று கூப்பிட்டேன்.

கதவுக்குப் பின்னால் மூச்சு இழுபடுவது கேட்டது. அப்புறம் கரகரத்த குரலில், "எஸ் சார்" என்று வந்தது.

அதையடுத்து, சிலேட்டில் குச்சியால் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அய்யர் என்னைப் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்தேன். சிலேட்டும் குச்சியும் அங்கேதான் இருந்தன.

முந்தின நாள் எழுத்து அழியாத சிலேட்டைத் தள்ளினேன். உடனே திரும்பி வந்தது. ஹோமுக்கு எதிரே, 'நாங்கள் ஹோமில் இருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. அன்று அந்த அம்மாள் இலை போட்டுச் சாப்பிட்டதாக அய்யர் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அங்கே பாடம் சொன்னேன். கூப்பிட்டது ஒரு பெயரைத்தான், வந்த பதில் இரண்டு.

டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளே, பாடம் தொடங்குமுன் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லீவு முடிந்து போனால் மறுபடியும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.