துடைக்காமல் விட்ட ஆறு நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவும் மகளும் பழைய பருத்திச் சட்டைகளைத் துடைப்புத் துணிகளாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மகள் பொத்தான்களை வெட்டினாள். அம்மா கிழித்தாள்.

"இது போன வருஷம் வாங்கினதுதானேடி?"

"காலர் போயிடுச்சும்மா."

"போகாம? குனிஞ்ச தலை நிமிராம மெஷினையே பாத்துட்டிருந்தா காலர் என்ன, கழுத்தே போயிடும்."

முப்பத்திரண்டு துண்டுகள் தேறின. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் பொறியாளர் என்பதால் எதையும் எண்ணாமல் விடுவது மகளுக்கு வராது. செவ்வாய்க்கிழமை காலை அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் நின்று மூன்று மணி நேரமாகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அம்மாவுக்கு அருங்காட்சியகத்தில் 'கண்ணாடி அக்கா' என்று பெயர். பழைய கோட்டையும் அரண்மனையும் பார்க்க வரும் வெளியூர்க் கூட்டம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நாற்பத்திரண்டு கண்ணாடிப் பேழைகள். கதவு திறப்பதற்குள் அத்தனையும் துடைத்தாக வேண்டும். வெளிப்புறத்தை மேலும் கீழுமாகத் துடைப்பாள், உட்புறத்தை இடமும் வலமுமாக. ஒரு கோடு மிஞ்சினால் எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பத்தொன்பது வருடங்களில் யாரும் குறை சொன்னதில்லை.

கூட்டம் போன பிறகு யார் எதைப் பார்த்தார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. வாள் பேழையில் உள்ளங்கைத் தடம். கிரீடப் பேழையில் நெற்றித் தடம், அதுவும் பெரியவர்கள் உயரத்தில். மாடிப்படி ஓரத்து இருட்டில் ஒரு செங்கல் கிடந்தது. 'கோட்டைச் சுவர், சுட்ட செங்கல்' என்பதோடு பலகை முடிந்துவிடும். காயப் போட்டிருந்தபோது ஏதோ ஒரு நாய் அதை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. நான்கு விரலும் ஒரு பாதமும் அப்படியே பதிந்திருந்தன. அந்தப் பேழையைத் துடைக்கத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

போன வருடம்தான் புது இயக்குநர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் தாளை நம்புகிறவர். பார்வையாளர் கருத்துப் படிவங்களை மூன்று மாதம் சேர்த்துப் பார்த்தார். செங்கல்லைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை போடலாம் என்று முடிவானது.

"அதை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்றாள் அம்மா.

"ஒருத்தர்கூட எழுதலையேம்மா."

"எழுதத் தெரியாதவங்கதான் சார் அதைப் பாக்கறாங்க."

இயக்குநர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனை பேர் பாக்கறாங்கன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"தினம் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அதான் சொல்றேன். இருக்கிற ஆதாரத்தையும் தினம் காலையில நீயே துடைச்சிடற."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப துடைக்கலைன்னா?"

"அதை மட்டும் விட்டா செல்லாது. கிரீடத்தையும் விடு. ஆறு நாள் விட்டு ரெண்டையும் ஒப்பிடணும்."

மறுநாளிலிருந்து நாற்பது பேழைகள் மின்னின. இரண்டு மங்கின. வாயிற்காவலர் வாய்விட்டே கேட்டார்: "என்னக்கா, கண்ணு மங்கிடுச்சா?"

"உம் மூக்கை உன் வாசல்லயே வெச்சுக்கய்யா."

நான்காம் நாள் மேற்பார்வையாளர் குறிப்பாணையை நீட்டினார்: பணியில் அலட்சியம், ஏழாம் நாள் இயக்குநர் முன் விளக்கம் தர வேண்டும். வேலையே போகலாம். அன்று மகளுக்குத்தான் பயம் வந்தது.

"போதும்மா, துடைச்சிடு."

"இன்னும் ரெண்டு நாள் இருக்குடி. நீ சொன்ன கணக்குதானே?"

ஏழாம் நாள் மகள் விடுப்பு போட்டுவிட்டு அளவு நாடாவோடு போனாள். அது தேவைப்படவில்லை. அம்மா கூடத்து விளக்குகளை அணைக்கச் சொன்னாள். கைவிளக்கைக் கிரீடப் பேழையின் பக்கவாட்டில் பிடித்தாள். அங்கங்கே நெற்றித் தடங்கள், எண்ணிவிடலாம். பிறகு படியோரத்துக்கு நடந்து அதே போலப் பிடித்தாள்.

மேற்பார்வையாளரும் இயக்குநரும் கிட்டே வந்தார்கள். தரையிலிருந்து இரண்டரை அடிக்கும் மூன்றரை அடிக்கும் நடுவே கண்ணாடியே தெரியவில்லை. மூக்கு மேல் மூக்கு, உதடு, கன்னம், பக்கத்துக்குப் பக்கம் பத்து விரல். அதற்கு மேலே கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"இவங்க யாருக்கும் படிவம் குடுக்கலையே சார் நீங்க" என்றாள் அம்மா.

இயக்குநர் முழங்காலிட்டுக் குனிந்தார். மூக்கைக் கண்ணாடியில் வைத்தார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் விரல் நுனிகளில் நகம் ஆழமாகக் குத்தின நான்கு குழிகளும் தெரியும். "அட, ஓடியிருக்கு!" என்று கத்தினார். "நாய் நடக்கலை, ஓடியிருக்கு!"

அன்றைக்கு அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வரும் வழியெல்லாம் "மூக்கை வெச்சாருடி, பெரிய மனுஷன் மூக்கை வெச்சாருடி" என்பதே பேச்சு. செங்கல் முதல் கூடத்துக்கு நடுநாயகமாக வந்தது. நுழைவுச் சீட்டில் நாய்க்கால் அச்சானது. கோட்டையைப் பாதியில் விட்டுவிட்டு "நாய்க்கால் எங்க?" என்று கேட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கிரீடம் இரண்டாம் கூடத்துக்குப் போனது. குறிப்பாணையை அம்மா சட்டமிட்டு வீட்டில் மாட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

ஒரு குறை இருந்தது. புதுப் பேழையின் பீடம் உயரம். அடுத்த வாரத் தடங்களிலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெறும் விரல் நுனிகள் மட்டும் வரிசையாக இருந்தன. நான்கு வயதுக்குக் கீழே யாருக்கும் மூக்கு எட்டவில்லை. மரத்தில் ஒரு படி செய்து போட வேண்டும் என்றாள். இயக்குநர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"உயரத்தை நீங்களே பாத்துத் தச்சர்கிட்டச் சொல்லிடுங்கம்மா. எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து தச்சர் பட்டறைக்குப் போவதாக இருந்தாள். எத்தனை அங்குலம் என்று யாரிடமும் சொல்லவில்லை.